மெழுகில் மூழ்கிய சுருள்

அப்தோன் ஞாவி அந்தக் கிட்டாரைக் கம்பளிப் போர்வையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வந்தார், மலையூர்ப் பெண்கள் குழந்தையைச் சுமப்பது போல. லிமாவின் பரூரோ தெருவில் என் ரிப்பேர் கடை நான்கடி அகலம். பக்கத்துக் கடையில் வால்வும் டிரான்சிஸ்டரும் விற்கும் எர்மெலிண்டா அக்கா எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளைய்யா, ஆணா பொண்ணா?" என்று கேட்டார்.

அப்தோன் சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்துக் கிட்டாரை என் மேசைமேல் கிடத்தினார்.

"இது பேசுது," என்றார். "நிறுத்தணும்."

கிட்டார்க்காரர்கள் எதையும் ஓம், வோல்ட் கணக்கில் சொல்ல மாட்டார்கள். அழுகிறது என்பார்கள், தொண்டை கட்டியிருக்கிறது என்பார்கள். மீட்டருக்குப் புரியும்படி அதை மாற்றிக்கொள்வது என் வேலை. 'சத்தம் கூட்டினால் ஊளையிடுகிறது' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஞாவி சகோதரர்களை அப்போது லிமாவில் தெரியாதவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்திய நெடுஞ்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகைகளில் வாசிப்பார்கள். அண்ணன் லியோன்சியோ முதல் கிட்டார். தம்பி அப்தோன் இரண்டாவது. லியோன்சியோவின் மனைவி ஸெனோபியா பாடுவார். அதற்கு நான்கு மாதம் முன்பு, சொந்த ஊர்த் திருவிழாவுக்குத் தனியாகப் போன லியோன்சியோவின் பஸ் பள்ளத்தில் உருண்டுவிட்டது. மேசைமேல் கிடந்தது அவருடைய கிட்டார்.

அதைச் சிறிய ஆம்ப்ளிஃபையரில் சொருகி, தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பைப் பென்சிலால் தட்டினேன். கதவை யாரோ தட்டியது போல ஸ்பீக்கர் அதிர்ந்தது. குனிந்து, வாயைக் கம்பிகளுக்கு அருகே கொண்டுபோய், "ஒண்ணு, ரெண்டு," என்றேன். சுவருக்கு அப்பால் நின்று சொல்வது போல ஸ்பீக்கரும், "ஒண்ணு, ரெண்டு," என்றது.

அப்தோன் பின்வாங்கிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

நான் அவருக்கு விளக்கினேன். பிக்கப்புக்குள்ளே காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஏழாயிரம் சுற்று இருக்கும். சுற்றுகள் இறுக்கமாக இருந்தால் கிட்டாரின் தந்தி அதிர்வது மட்டுமே அதற்குத் தெரியும். தளர்ந்துபோனால் எந்தச் சத்தம் பட்டாலும் சுற்றுகள் நடுங்கும், அப்போது அது மைக் ஆகிவிடும். நமக்குத் தெரிந்த விஷயம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

கழற்றிப் பார்த்தபோது திருகாணிகளில் துரு இருந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது. சுருளைச் சுற்றிய பருத்தி நாடா ஊறி உப்பிக் காய்ந்திருந்தது.

"தண்ணியில விழுந்துச்சா?"

"தெரியாது," என்று தரையைப் பார்த்தார். எதையும் இரண்டாவது முறை கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

பழைய மெழுகுவர்த்திகளைத் துண்டாக்கி, கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து, வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கினேன். தெர்மாமீட்டர் அறுபத்தைந்தைத் தொட்டதும் சுருளை இறக்கினேன். சுற்றுகளுக்கு நடுவில் இருந்த காற்று சின்னச் சின்னக் குமிழியாக மேலே வந்தது. பதினோரு நிமிடம் வந்தது. பிறகு நின்றது. எடுத்துத் துடைத்து, ஆறவைத்து, திரும்பப் பொருத்திப் பென்சிலால் தட்டினேன். சத்தமே இல்லை.

"இனிமே பேசாது," என்றேன்.

நல்ல வேலை செய்தோம் என்று அன்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து, ஜூலையில் அப்தோன் திரும்ப வந்தார். முதுகில் ஒன்றும் இல்லை. மேசைக்கு எதிரே இருந்த முக்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தங்கச்சி, தப்பு நடந்துபோச்சு," என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். லியோன்சியோ பஸ் ஏறிய அன்று கிட்டாரை ஆம்ப்பில் சாய்த்து, சொருகியபடியே விட்டுப் போயிருந்தார். சாவுச் செய்தி வந்தபிறகு அதை யாரும் தொடக்கூடாது என்று ஸெனோபியா சொல்லிவிட்டார். ஒன்பது நாள் ஜெபமாலை நடந்தபோதும் ஆம்ப்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வந்தவர்கள் அதையும் ஒரு மெழுகுவர்த்தியாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் முடிந்து எல்லோரும் போனபிறகு ஸெனோபியா தனியாகத் தொடர்ந்தார். சாயங்காலமானால் கிட்டாருக்கு எதிரே முழந்தாளிட்டு ஜெபம் சொல்வார். சொல்லி முடித்ததும் கிட்டார், 'ஆமென்' என்னும்.

அப்தோனும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறார். முதலில் ஆமென் மட்டும். பிறகு ஸெனோபியா ஜெபத்தை விட்டுவிட்டு அதனிடம் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். கடைசிச் சொல் திரும்ப வரும். அவர் அதற்குப் பதில் சொல்வார். சோறு குறைந்தது, வெளியே போவது நின்றது. அப்தோனுக்குப் பயம் வந்துவிட்டது. அண்ணி கல்லறைக்குப் போன ஒரு காலையில் கிட்டாரை முதுகில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தது அப்படித்தான்.

அன்று சாயங்காலம் ஸெனோபியா ஜெபம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். மூன்று நாள் அப்படிக் காத்திருந்தார். நான்காம் நாள் அப்தோனின் வாசலில் வந்து நின்று, "என் புருஷன் வாயை அடைச்சுட்டியே," என்றார்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு லியோன்சியோவுக்கு வருஷம் முடிகிறது. பூசை, சாப்பாடு, பிறகு ஞானத்தாய் வந்து விதவையின் கறுப்பைக் கழற்றி வண்ணத்துணி போர்த்துவார். அதன்பிறகு அவர் சிரிக்கலாம், ஆடலாம், பாடலாம். அது வரை இறந்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்பார்கள். என் அம்மாவின் ஊரிலும் இதே வழக்கம்தான். அந்த நாளில் கழற்றாத கறுப்பைப் பிறகு கழற்ற முடியாது. இரண்டாவது தேதி என்று எங்கள் ஆட்கள் வைப்பதில்லை. அப்படிக் கறுப்பிலேயே கிழவியாகிப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஸெனோபியாவுக்கு முப்பத்தொரு வயது.

"அண்ணி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. 'அன்னைக்கு அவர் வாசிப்பு என் காதுல விழணும். விழலைன்னா கறுப்பு இறங்காது'ன்னு. அண்ணன் விரல் எங்க போகும்னு என் விரலுக்குத் தெரியும் தங்கச்சி. அதுல ஒரு குறையும் இல்ல. சத்தம்தான் வரல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எல் அகுஸ்தினோ மலைச்சரிவில் அவர்கள் வீடு. நூற்றிருபது படி. லிமாவின் ஜூலைத் தூறல் படிகளை வழவழப்பாக்கியிருந்தது. உள்ளே சிமெண்ட் பூசாத செங்கல் சுவர். ஆம்ப் ஒரு மூலையில், அதன் சிவப்பு விளக்கு எரிந்தபடி. எதிர்மூலையில் ஸெனோபியா கறுப்புச் சால்வையில் உட்கார்ந்து காராமணி உரித்துக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மெழுகு ஊற்றிய கை எது என்று தேடுவது போலிருந்தது. பிறகு குனிந்துகொண்டார்.

அவர்களுடைய சிறிய இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டுக் கேட்டேன். பாட்டின் நடுவில் லியோன்சியோ ஒரு சுரத்தை நீட்டிப் பிடிப்பார். அது வெறும் தந்தியின் ஒலியாக இல்லை. யாரோ வாயைத் திறந்துகொண்டே போவது போல இருக்கும். எல்லாரும் அதற்காகத்தான் காசு கொடுத்தார்கள். ஸெனோபியாவுக்கு வேண்டியதும் அதுதான்.

ஏழு வாரம். சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறு காலையும் ஏறிப்போவேன். ஆம்ப்பிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்பீக்கரின் காகிதத்தில் ஒரு கிழிசல் இருந்தது, நகப்பூச்சு தடவி ஒட்டியிருந்தார்கள். அதை லியோன்சியோவே செய்தார் என்று அப்தோன் சொன்னதால் விட்டுவிட்டேன். வால்வுகளை மாற்றிப் பார்த்தேன். காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெடல்களை வரிசை மாற்றினேன். ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் தனக்கு முன்னால் இருப்பதை உறிஞ்சும் குணம் கொண்டது. பிக்கப்புக்கும் அதற்கும் நடுவில் வாவா பெடலை வைத்தால் ஒரு குரல், பின்னால் தள்ளினால் வேறு குரல். ஃபஸ்ஸுக்குள் இருந்த பழைய டிரான்சிஸ்டர் வெயிலில் முரண்டு பிடிக்கும், தூறலில் இனிக்கும். புது பேட்டரியைவிடச் சாகப்போகும் பேட்டரி நன்றாக இருந்தது. சுருள் வயரை எடுத்துவிட்டு நேர் வயர் போட்டால் மேலே ஒரு பளபளப்பு வந்தது. அது லியோன்சியோவிடம் இல்லாத பளபளப்பு, அதனால் சுருள் வயரையே திரும்பப் போட்டேன். நாடா ஓடும் எக்கோ பெட்டி எதையும் அரை வினாடி கழித்து ஒரே ஒரு முறை திருப்பிச் சொல்லும்படி வைக்கப்பட்டிருந்தது. அதை நான் தொடவில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்தோன் அந்தப் பாட்டை ஆரம்பத்திலிருந்து நடுப்பகுதி வரை வாசிப்பார். வாசித்து முடித்துவிட்டு அண்ணியைப் பார்ப்பார்.

"இல்ல," என்பார் ஸெனோபியா.

நோட்டில் பத்தொன்பது வரிசை எழுதியிருந்தேன். பத்தொன்பதுக்கு எதிரேயும் இல்ல, இல்ல, இல்ல. அதைத் தவிர அந்த ஏழு வாரத்தில் அவர் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கிளம்பும்போது ஒரு தட்டில் அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் என் பெட்டிமேல் இருக்கும்.

ஐந்தாம் வாரம் படியிறங்கும்போது அப்தோன் உண்மையைச் சொன்னார். முதல் இசைத்தட்டு போடுவதற்கு முந்திய மழைக்காலத்தில், லியோன்சியோ அந்தக் கிட்டாரை ஊருக்குக் கொண்டுபோய், அகோபாம்பாவுக்கு மேலே உள்ள ஊற்றங்கரையில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு வந்திருக்கிறார். காணிக்கையாகக் கொஞ்சம் கோக்கா இலை, இனிப்பு, ஒரு சீப்பு. ஊற்றில் இருக்கும் நீர்மோகினி சிரேனா வந்து தந்திகளைத் தொட்டுச் சுருதி வைப்பாள். வயலின்காரர்களும் ஹார்ப்காரர்களும் காலங்காலமாகச் செய்வது. மின்சாரக் கிட்டாரை யாரும் வைத்ததில்லை.

"அதுக்கப்புறம்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. ஆனா அவ சும்மா குடுக்க மாட்டா. ஆளைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவா. கூப்பிட்டுக்கிட்டா. உள்ள பேசுனது அண்ணன் இல்ல தங்கச்சி, அவ. நானே கேட்டேன், பொம்பளைக் குரல். நீ அவ வாயில மெழுகு ஊத்திட்டே. நாம திரும்பக் கொண்டுபோய் வைப்போம்."

இதை நான் எர்மெலிண்டா அக்காவிடம் சொன்னது தவறு. "ஊத்துல கரண்ட் ஏது? அவ எதுல சொருகி வாசிச்சாளாம்?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "எதுக்கும் அந்த மெழுகு உருக்குன பாத்திரத்துல இனி சாப்பாடு சூடு பண்ணாத பொண்ணே," என்றார்.

துருவுக்கும் உப்பிய நாடாவுக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது. ஒரு ராத்திரி மழையில் ஊறி, மலைவெயிலில் காய்ந்து, சுற்றுகள் தளர்ந்திருக்கின்றன. பிறகு லியோன்சியோ ஒரு வருஷம் எடுத்துக்கொண்டு, அந்தத் தளர்ந்த சுருளுக்குப் பொருந்தும்படி ஒவ்வொரு பெடலாக, ஆம்ப்பாகத் தேடிச் சேர்த்திருக்கிறார். எல்லாம் அதற்காகச் சேர்ந்தவை. நான் அதை இறுக்கிவிட்டேன்.

ஆனால் தளர்ந்த சுருள் மட்டும் அந்தச் சத்தத்தைத் தராது. ஊளையைத் தரும், தட்டினால் பதில் தரும். வாய் திறப்பது போன்ற அந்தச் சுரம் எங்கிருந்து வந்தது?

இசைத்தட்டைக் கடைக்கு எடுத்து வந்து, வேகத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் பழக்கம், எங்கே ஒத்துப்போகிறது என்று முதலில் குறிப்பது. ஆரம்பத்து நாற்பது வினாடியும், நான் நாடாவில் பதிந்துவைத்திருந்த பதினான்காவது வரிசையோடு அப்படியே ஒத்துப்போயிற்று. அது அப்தோனா, லியோன்சியோவா என்று என்னால்கூடப் பிரிக்க முடியவில்லை. அதன்பிறகுதான் இரண்டும் பிரிந்தன. நாற்பத்தொன்றாவது வினாடியில் என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

ஸெனோபியா பாட ஆரம்பிக்கிறார்.

வேறு பாட்டுகளையும் போட்டுப் பார்த்தேன். அவர் பாடும் இடங்களில் கிட்டார் வாய் திறந்தது. அவர் மூச்சு வாங்கும் இடங்களில் மூடிக்கொண்டது. இசைத்தட்டின் உறையில் ஒரு போட்டோ. லியோன்சியோ கிட்டாரை வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். பிக்கப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மனைவியின் வாய்.

அவருடைய குரல் சுருளைத் தொட்டிருக்கிறது. தந்தியின் அதிர்வும் குரலின் நடுக்கமும் ஒரே கம்பி வழியாக ஃபஸ்ஸுக்குள் போயிருக்கின்றன. ஃபஸ் இரண்டு ஒலிகளைச் சேர்த்துவைக்காது, ஒன்றோடொன்று அரைத்துவிடும். வெளியே வந்தது இருவருடையதும் இல்லாத ஒரு குரல்.

நான் கடையை அரைநாள் மூடிவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தச் சத்தம் கேட்டால்தான் ஸெனோபியாவின் கறுப்பு இறங்கும். கறுப்பு இறங்கினால்தான் அவர் பாடலாம். அவர் பாடினால்தான் அந்தச் சத்தம் வரும்.

இதை இன்னும் ஒரு விதமாகவும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நான்கு மாதம் அவருக்கு ஆமென் சொன்னது யார் என்று. எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்தோனிடமும் சொல்லவில்லை.

ஒருமுறை மெழுகு இறங்கிய சுருளிலிருந்து அதை முழுதாக எடுக்க முடியாது. அதனால் புதிது சுற்றினேன். இயந்திரத்தில் அல்ல, கையில். இறுக்காமல், அங்கங்கே தளரவிட்டு, ஏழாயிரம் சுற்று. மூன்று நாள் ஆனது. பென்சிலால் தட்டியபோது கதவு தட்டும் சத்தம் வந்தது. சனிக்கிழமை ஏறிப்போய்ப் பொருத்தினேன். ஸெனோபியா சமையலுக்கு ஆள் சொல்லப் போயிருந்தார். பழைய சுருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறி வந்தபோது மணி ஒன்று. முற்றத்தில் நாற்பது பேர் இருக்கும். உருளைக்கிழங்கும் கினிப்பன்றி வறுவலும் சோளக்கள்ளும் வந்து போயின. ஞானத்தாய் பசிலியா சிவப்புச் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்தோன் கிட்டாரை மாட்டிக்கொண்டார். எல்லோரும் வாசலிலும் ஜன்னலிலும் நெருக்கி நின்றார்கள். ஸெனோபியா தன் மூலையில், காராமணி இல்லாமல், வெறுங்கையோடு.

அப்தோன் நன்றாக வாசித்தார். ஏழு வாரத்தில் அதுதான் மிக அருகில் வந்தது. ஜன்னலில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நீட்டிப் பிடிக்கும் சுரம் வந்தது, நீண்டது, முடிந்தது.

"இல்ல," என்றார் ஸெனோபியா.

பசிலியா தன் மடியிலிருந்த சால்வையைப் பார்த்தார். "மகளே, நாள் இன்னிக்குத்தான்," என்றார். "பொழுது சாஞ்சா நான் இதை வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"எடுத்துட்டுப் போங்க, அம்மா."

அப்தோன் கிட்டாரைக் கழற்றத் தோளில் கை வைத்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நாற்பது பேர் முன்னால் நான் பேசியதே இல்லை, கல்லூரியில்கூட.

"அக்கா," என்றேன். "அந்தப் பக்கம் வேணாம். இங்க வந்து நில்லுங்க. மேடையில எந்தப் பக்கம் நிப்பீங்களோ, அங்க."

அவர் என்னைப் பார்த்தார்.

"கறுப்போட பாடக்கூடாது, தங்கச்சி."

"பாட வேணாம். கிட்ட வந்தாப் போதும். ஏதாவது சொல்லுங்க. முன்ன சொன்ன மாதிரி."

அவர் எழுந்து வந்தார். அப்தோனின் இடப்பக்கம் நின்றார். தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொள்ளும்படி அப்தோனுக்குச் சைகை காட்டினேன். அவர் கை தந்திகளில் உரசியது ஆம்ப்பில் கேட்டது. ஸெனோபியா சற்றுக் குனிந்தார். ஜெபத்தின் முதல் சொற்களை மெதுவாகச் சொன்னார். முடித்து, "ஆமென்," என்றார்.

அரை வினாடி. கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து, சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல, "ஆமென்," என்றது.

வாசலில் நின்றவர்கள் பின்வாங்கியதில் ஒரு நாற்காலி விழுந்தது. ஸெனோபியாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஏழு வாரத்தில் அந்த முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"வந்துட்டீங்களா," என்றார்.

"வந்துட்டீங்களா," என்றது.

அப்போது பசிலியா எழுந்தார். விதிப்படி அவர்தான் சொல்ல வேண்டும். "வருஷம் முடிஞ்சுபோச்சு. இனி பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிட்டு வழியனுப்பு மகளே," என்றார்.

ஸெனோபியா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வருஷம் வாயில் வைத்திருந்ததை வெளியே விட்டார்.

"லியோன்சியோ."

"லியோன்சியோ," என்றது கிட்டார்.

அவர் கண்ணைத் திறந்தார். கிட்டாரைப் பார்த்தார். இன்னொரு முறை, வேறு மாதிரி, கேள்வி கேட்பது போல அந்தப் பேரைச் சொன்னார். அதுவும் கேள்வி போலவே அந்தப் பேரைக் கேட்டது.

செத்தவன் தன் பேரைத் தானே கூப்பிட மாட்டான். நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது என் குரல்," என்றார். பின்னாலேயே அதுவும் அதைச் சொன்னது. அவர் நாலைந்து அடி விலகி நின்றார், அது கேட்காத தூரத்துக்கு. அதன்பிறகுதான் என்னிடம் பேசினார்.

"இந்தப் பக்கம் நில்லுடி, நீ இல்லன்னா என் கிட்டாருக்குத் தொண்டையே கிடையாதுன்னு சொல்வார். கொஞ்சுறார்னு நெனச்சேன்."

"ஆமாக்கா."

"அப்போ நாலு மாசம் எனக்குப் பதில் சொன்னது?"

நான் எக்கோ பெட்டியைக் காட்டினேன்.

"ஒரு தடவகூட அவர் வரலையா?"

அதற்கு என்னிடம் மீட்டர் இல்லை. "எனக்குத் தெரியாதுக்கா," என்றேன். அது உண்மை.

அவர் தானே கையைத் தூக்கிக் கறுப்புச் சால்வையின் ஊக்கை எடுத்தார். பசிலியா ஓடிவந்து மிச்சத்தைக் கழற்றினார், சிவப்பைப் போர்த்தினார். ஸெனோபியா அப்தோனின் இடப்பக்கம் போய் நின்று, "வாசி தம்பி," என்றார். அப்தோன் அந்தச் சுரத்தைப் பிடித்தார். ஸெனோபியா ஒரு வரி பாடினார். ஒரே ஒரு வரி. ஸ்பீக்கரிலிருந்து லியோன்சியோ வந்தார். இசைத்தட்டில் இருப்பது போல, அப்படியே, வாயைத் திறந்துகொண்டு. ஜன்னலில் நின்ற கிழவர் அவர் பேரைச் சொல்லி அழுதார். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் முதுகு சிலிர்த்தது.

கறுப்புத் துணிகளை முற்றத்தில் குவித்துத் தீ வைத்தார்கள். ஸெனோபியா என்னிடம் கை நீட்டி, "பழசு உன்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டார். சட்டைப்பையிலிருந்து சுருளை எடுத்துக் கொடுத்தேன். காதருகே வைத்துப் பார்த்தார். பிறகு தீயில் போட்டார். மெழுகு உருகி மஞ்சளாக எரிந்தது. ஈரமரம் போலக் கொஞ்ச நேரம் சின்னதாக வெடித்தது. நான் எண்ண ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன்.

அவர்கள் முற்றத்தில் ஆடத் தொடங்கியபோது, உள்ளே ஆம்ப்பின் விளக்கு இன்னும் எரிவது நினைவுக்கு வந்தது. போனேன். கிட்டாரைப் பழையபடி சாய்த்து வைத்திருந்தார்கள். வெளியே நடக்கும் ஆட்டமும் நாய் குரைப்பதும் ஸ்பீக்கரில் அரை வினாடி தாமதித்து, தூரத்து ஊர் ஒன்றின் திருவிழா போல வந்துகொண்டிருந்தன. எனக்குக் காரணம் தெரியும். நான் சுற்றிய சுருள் அது.

ஸ்விட்சில் விரல் வைத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். தந்திகளுக்கு அருகே குனிந்தேன்.

"மன்னிச்சிருங்க," என்றேன்.

"மன்னிச்சிருங்க," என்றது.

அணைத்தேன். சிவப்பு விளக்கு உடனே போய்விடவில்லை.